நீர்வீழ்ச்சிப் படம் சொதப்பிவிட்டதா? மலையகத்துக் கோளாறுகளும் கைவைத்தியமும்

தலவாக்கலைப் பக்கம் குடியிருப்பவனுக்கு ஒரு தொல்லை உண்டு. கொழும்பிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வரும் சொந்தக்காரர்கள் டெவோன், சென் கிளேயர் நீர்வீழ்ச்சிகளைப் பார்த்துவிட்டு நேரே நம் வீட்டுக்கு வருவார்கள். பிளேன்டியைக் கையில் கொடுத்த அடுத்த நிமிடம் போன் நீளும். "அண்ணே, நேர்ல எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா? படத்துல மட்டும் ஏன் இப்படி வருது?"

வருடக்கணக்காக இதே கேள்விக்கு இதே பதிலைச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதிவைக்கிறேன். உங்கள் படத்தில் என்ன கோளாறோ அந்த இடத்துக்கு நேரே போய்விடலாம். முதல் பகுதியை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள். கமராவின் தலையில் போடுகிற பழியில் பாதி, மழைக்கும் மணிக்கூட்டுக்கும் சேர வேண்டியது.

"போய்ப் பார்த்தால் தண்ணியே இல்லை"

மார்ச் மாதத்தில் பம்பரகந்தவுக்குப் போனவர்கள் சொல்வது இது. 263 மீற்றர், இலங்கையிலேயே உயரமானது என்று படித்துவிட்டு, கலுபஹனவில் பிரதான வீதியை விட்டுத் திரும்பி, பைன் மரங்களுக்குள் மூச்சு வாங்க ஏறிப் போனால், பாறையில் நூல் தொங்குகிற மாதிரி கொஞ்சம் தண்ணீர். அதையும் காற்று பாதி வழியிலேயே பிய்த்துக்கொண்டு போய்விடும்.

மலையகத்துக்கு ஒரு மழைக்காலம் இல்லை, இரண்டு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவப்பெயர்ச்சி. அது நனைப்பது மேற்குச் சரிவை: கினிகத்தேனை, ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை. ஒக்டோபரில் தொடங்கும் பின்னேரத்து இடிமழையும், அதற்குப் பிறகு டிசம்பரில் வரும் வடகீழ் பருவப்பெயர்ச்சியும் பதுளை, பண்டாரவளை, கொஸ்லாந்தைப் பக்கத்தை நிறைக்கும். ஆக ஜூலை மாதம் டெவோன் 97 மீற்றரும் வெள்ளையாக இறங்கிக்கொண்டிருக்கும்போது, அதே நாளில் பதுளைப் பக்கம் காற்றும் வெயிலுமாக இருக்கும். பள்ளிக்கூட விடுமுறையைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு மாதத்தைப் பாருங்கள். ஜூனிலிருந்து ஒக்டோபர் வரை என்றால் ஹட்டன் பக்கம். நவம்பரிலிருந்து ஜனவரி வரை என்றால் துன்ஹிந்த, தியலும, பம்பரகந்த. பெப்ரவரியும் மார்ச்சும் இரண்டு பக்கத்துக்கும் பஞ்ச காலம்.

அதிலும் ஒரு நுணுக்கம். மழை கொட்டுகிற நாளிலேயே போனால் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். நல்ல மழை விட்டு இரண்டாம் நாள் காலை போங்கள். அளவும் இருக்கும், தெளிவும் இருக்கும்.

மழை பெய்தும் தண்ணீர் இல்லையென்றால் அணையை நினைத்துப் பாருங்கள். சென் கிளேயர் 80 மீற்றர். அகலமும் அதிகம். ஆனால் அதற்கு மேலே தலவாக்கலையில் கொத்மலை ஓயாவை மறித்து மேல் கொத்மலை அணை நிற்கிறது. 2012இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாற் மின் திட்டம். ஆற்றுத் தண்ணீர் ஏறத்தாழ 13 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்துக்குள் போய்விடுகிறது. பகலில் ஓரளவு தண்ணீரை நீர்வீழ்ச்சிக்கென்று விடும் ஒழுங்கு இருப்பதால்தான் இன்றைக்கும் நாம் எதையாவது பார்க்கிறோம். பழைய சென் கிளேயரைப் பார்த்தவர்கள் இப்போது அந்த வளைவில் பஸ் போகும்போது தலையைத் திருப்புவதே இல்லை. என் அம்மா திருப்புவார், ஒரு பெருமூச்சும் விடுவார். பெரிய மழையில் வான்கதவு திறந்தால் மட்டும் பழைய கோலம் கொஞ்ச நேரத்துக்குத் திரும்பும். அதைத் தூரத்திலிருந்து, வீதியிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். காரணம் பின்னால் வருகிறது.

வந்தாயிற்று, தண்ணீர் இல்லை. அப்புறம் என்ன செய்வது? முழு நீர்வீழ்ச்சியையும் விட்டுவிடுங்கள். அடியில் தேங்கிய குட்டை, பாசி பிடித்த கல், கல்லிடுக்கில் வழிகிற ஒரு முழ நீளத் தண்ணீர், அதன் பக்கத்தில் ஆடுகிற பன்னம். வறண்ட காலத்தில் எனக்கு வாய்த்த நல்ல படங்கள் எல்லாம் முழங்காலுக்குக் கீழே எடுத்தவை.

"தண்ணீர் வெள்ளைக் கடதாசி மாதிரி எரிந்துவிட்டது"

காடு கறுப்பு, தண்ணீர் வெள்ளை. சட்டத்துக்குள் காடுதான் அதிகம் என்பதால் கமரா காட்டைப் பார்த்து, "இருட்டாக இருக்கிறது" என்று முடிவுசெய்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. தண்ணீரில் இருந்த இழைகள் எல்லாம் அழிந்து வெறும் வெள்ளை மிஞ்சுகிறது. எரிந்துபோன வெள்ளையை எந்தச் செயலியாலும் மீட்க முடியாது. இருட்டாகிப்போன இலையை ஓரளவு மீட்கலாம். அதனால் எப்போதும் தண்ணீரின் பக்கம் நில்லுங்கள்.

போனில் என்றால், தண்ணீரின் மிக வெளிச்சமான இடத்தில் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள். பூட்டு விழுந்ததும் விரலைக் கீழே இழுத்து, தண்ணீரில் கோடு கோடாக இழை தெரியும் வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். கமராவில் எக்ஸ்போஷரை 0.7 அல்லது 1 ஸ்டொப் குறைத்து எடுத்து (ஒரு ஸ்டொப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்), ஹிஸ்டோகிராம் என்கிற வெளிச்ச வரைபடம் வலது ஓரத்தில் முட்டி நிற்கிறதா என்று பாருங்கள். கமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரோ வடிவில் எடுக்க முடிந்தால் எடுங்கள்.

இதெல்லாம் உச்சி வெயிலில் முழுதாகக் கைகொடுக்காது. தண்ணீரின் பாதியில் வெயில், பாதியில் நிழல் என்றால் எந்தக் கமராவும் திணறும். காலை 8 மணிக்கு முன்னால் போங்கள், அல்லது மேகம் மூடும்வரை ஒரு கல்லில் உட்கார்ந்திருங்கள். நம் மலையில் மேகத்துக்கா பஞ்சம்? பெரும்பாலான நாட்களில் பத்து, பதினொரு மணிக்குப் பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வந்துவிடும்.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு: மூடுபனிக்குள் எடுத்த படம் சாம்பல் பூசினது மாதிரி வருவது. அங்கே எல்லாமே வெள்ளை என்பதால் கமரா வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. அப்போது 0.7 கூட்டுங்கள். ஹோர்ட்டன் சமவெளிக்குள் இருக்கும் பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சியில் இது அடிக்கடி நடக்கும். வெறும் 20 மீற்றர்தான், ஆனால் மலையகத்துக் காட்டு நீர்வீழ்ச்சி என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். ஒன்பது கிலோமீற்றர் வட்டப்பாதையில் உலக முடிவு என்கிற செங்குத்துப் பள்ளத்தின் விளிம்புக்கு முதலில் ஓடிவிட்டுத் திரும்பி வருவதற்குள் பனி இறங்கிவிடும். அதில் அழுவதற்கு ஒன்றுமில்லை. பனியோடு எடுத்த பேக்கர்ஸ்தான் அழகு.

"தண்ணீர் கண்ணாடிச் சில்லு மாதிரி உறைந்து நிற்கிறது" / "பால் கொட்டினது மாதிரி ஆகிவிட்டது"

ஒரே கோளாறின் இரண்டு முனைகள். ஷட்டர், அதாவது வெளிச்சத்தை உள்ளே விடும் திரை, மிக வேகமாக, 1/500 நொடி போல இருந்தால் துளிகள் அந்தரத்தில் நிற்கும். 10 நொடி திறந்துவைத்தால் இழை எல்லாம் கரைந்து பால் சட்டி கவிழ்ந்த மாதிரி ஆகிவிடும். இப்போது பலருக்கு அந்தப் பால்தான் பிடித்திருக்கிறது. எனக்குப் பிடிக்காது. டெவோனின் தண்ணீருக்கு எடை உண்டு, அடியில் விழும்போது தரை அதிர்வது காலில் தெரியும். படத்திலும் அந்த எடை கொஞ்சம் தெரிய வேண்டாமா?

எத்தனை நொடி என்பது நீங்கள் எவ்வளவு கிட்ட நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இதை யாரும் சொல்லித்தருவதில்லை. பள்ளத்தாக்குக்கு இந்தப் பக்கம், வீதியோரப் பார்வை இடத்தில் நின்று அகலமாக எடுத்தால், தண்ணீர் படச்சட்டத்துக்குள் மெதுவாகத்தான் நகர்கிறது. ஒரு நொடி, ஒன்றரை நொடி வேண்டியிருக்கும். சாரல் முகத்தில் அடிக்கும் தூரத்தில் நின்றால் 1/8 நொடியே போதும். முதலில் 1/4 நொடியில் ஒன்று எடுத்து, பெரிதாக்கிப் பார்த்து, அங்கிருந்து கூட்டியோ குறைத்தோ போங்கள்.

மேகம் மூடிய காட்டில் ஐ.எஸ்.ஓ (வெளிச்ச உணர்திறன்) 100, எஃப் (துவார அளவு; எண் கூடினால் துவாரம் சிறுக்கும்) 11 வைத்தால் 1/4 நொடி தானாகவே கிடைத்துவிடும். வெயிலில் அதே அமைப்புக்கு 1/200 நொடி வரும். அப்போதுதான் என்.டி ஃபில்டர் என்கிற கறுப்புக் கண்ணாடி தேவை: ஆறு ஸ்டொப் கண்ணாடி 64 மடங்கு இருட்டாக்கும், 1/200 நொடி ஏறத்தாழ 1/3 நொடியாகிவிடும். ஃபில்டர் வாங்கக் காசில்லை என்று எஃப் 22 வரை மூடாதீர்கள். துவாரம் அவ்வளவு சிறுத்தால் ஒளி சிதறி முழுப் படமும் மழுங்கிவிடும்.

பெரும்பாலான போன்களில் துவாரத்தை மூட முடியாது என்பதால், பகல் வெளிச்சத்தில் புரோ மோடில் போய் ஷட்டரை மட்டும் மெதுவாக்கினால் படம் வெள்ளையாகிவிடும். அதிகாலையிலோ மாலை ஆறு மணிக்குக் கிட்டவோ எடுத்தால் தப்பிக்கலாம். அல்லது போலரைஸ்ட் குளிர்க்கண்ணாடி இருந்தால் அதைக் கழற்றி லென்ஸுக்கு முன் பிடியுங்கள். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஐபோன்காரர்களுக்கு இந்தப் பாடு இல்லை: லைவ் போட்டோவாக எடுத்துவிட்டு, பிறகு லோங் எக்ஸ்போஷராக மாற்றிக்கொள்ளலாம்.

"தண்ணீர் சரி, ஆனால் பாறையும் கலங்கி இருக்கிறது"

பாறை கலங்கினால் கமரா ஆடியிருக்கிறது. பாறை தெளிவாக இருந்து இலை மட்டும் கலங்கினால் காற்று.

ட்ரைபொட் என்கிற முக்காலி வைத்திருந்தும் ஆடியதா? கால் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நீரோட்டத்துக்குள் நின்றால் தண்ணீர் கம்பி மாதிரி அதை மீட்டிக்கொண்டே இருக்கும். மரத்தாலான பார்வை மேடையில் நின்றால், பக்கத்தில் ஒரு குடும்பம் நடந்து போகும்போதெல்லாம் பலகை துள்ளும். அவர்கள் நிற்கும்வரை காத்திருங்கள். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். விரலால் அழுத்தாமல் 2 நொடி டைமர் போடுங்கள். ட்ரைபொட் இல்லையென்றால் ஒரு சின்னத் துணிப்பையில் அரை கிலோ அரிசி போட்டுக் கொண்டுபோய், கல்லின் மேல் வைத்து அதில் கமராவைப் பதியவையுங்கள். திரும்பி வந்து அரிசியைச் சமைக்கலாம், அது இன்னொரு லாபம்.

இலை ஆடுவதற்கு மருந்து வேறு. பெரிய நீர்வீழ்ச்சி தனக்கென்று ஒரு காற்றை வைத்திருக்கிறது, அது நிற்கவே நிற்காது. இரண்டு படம் எடுங்கள்: தண்ணீருக்காக 1/2 நொடியில் ஒன்று, இலைக்காக ஐ.எஸ்.ஓவைக் கூட்டி 1/125 நொடியில் ஒன்று. வீட்டுக்கு வந்து கணினியில் ஒட்டிக்கொள்ளலாம்.

"படம் முழுக்க வட்ட வட்டமாகப் புள்ளி" / "பனிமூட்டமே இல்லாத இடத்தில் பனிமூட்டம்"

இரண்டும் தண்ணீர்தான், ஆனால் வந்த வழி வேறு.

வட்டப் புள்ளி என்பது சாரல். பதுளையிலிருந்து போய், ஒற்றையடிப் பாதையில் குட்டித் துன்ஹிந்தவைத் தூரத்தில் பார்த்தபடி நடந்து, கடைசியில் 64 மீற்றர் துன்ஹிந்தவின் முன்னால் நின்றால், கமராவைப் பையிலிருந்து எடுக்கும் முன்பே சட்டை நனைந்திருக்கும். புகை மாதிரி எழும் அந்தச் சாரலால்தான் பெயரே வந்தது என்பார்கள். அங்கே நான் செய்கிற வரிசை இது: முதலில் நீர்வீழ்ச்சிக்கு முதுகைக் காட்டி நின்று லென்ஸைத் துடைக்கிறேன். துணியை லென்ஸின் மேலேயே போர்த்தியபடி திரும்பி, ட்ரைபொட்டில் பூட்டி, அளவுகளை வைக்கிறேன். ஃபோகஸை நனைந்த பாறை ஒன்றில் பிடித்துக் கைமுறைக்கு மாற்றுகிறேன், ஏனென்றால் சாரலுக்குள் ஓட்டோ ஃபோகஸ் வழி தெரியாமல் அலையும். டைமரை அழுத்துகிறேன். கடைசி நொடியில் துணியை எடுக்கிறேன். படம் விழுந்ததும் மூடுகிறேன். ஒரு துணி நான்கு படத்துக்கு மேல் தாங்காது, அதனால் மூன்று துணி. சட்டை நுனியால் துடைத்தால் எண்ணெய்ப் பூச்சு மாதிரி தடவிவிடும். பிறகு வெளிச்சம் பட்ட இடமெல்லாம் வழிந்தது போல வரும். போன் லென்ஸில் பாதிக் கோளாறு சாரல்கூட இல்லை, வடை சாப்பிட்ட விரல்.

பனிமூட்டம் வேறு கதை. ஒரு ஜனவரியில் நுவரெலியாவில் இரவு தங்கி, விடிய முன் வேனில் புறப்பட்டுத் தியலுமவுக்குப் போனோம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில், அன்றைக்குக் குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியாத குளிர். கமராப் பை வேனின் பின்பக்கத்தில், ஏசி காற்று படும் இடத்தில் கிடந்தது. கொஸ்லாந்தையைத் தாண்டி இறங்கினால் வெக்கை. காலை வெளிச்சம் அந்த 220 மீற்றர் சுவரில் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. ஓடிப்போய்க் கமராவை எடுத்தேன், லென்ஸ் பால் கண்ணாடி ஆகிவிட்டது. துடைத்தேன், மறுபடி படிந்தது. இன்னும் துடைத்தேன். இருபது நிமிடம் கழித்துத் தெளிந்தபோது வெளிச்சம் தட்டையாகிவிட்டது. கூட வந்த மச்சான் தன் பழைய போனில் எடுத்த படம்தான் இன்றும் அவர்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அது அவன் சட்டைப்பையில், உடம்புச் சூட்டில் இருந்திருக்கிறது!

குளிர்ந்த கண்ணாடியில் ஈரமான வெப்பக் காற்று படும்போது நீராவி படிகிறது. துடைப்பதால் கண்ணாடியின் குளிர் போகாது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும் பயணம் என்றால் பை ஏசிக்குக் கிட்ட வேண்டாம், காலடியில் இருக்கட்டும். கடைசி அரை மணி நேரம் ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்துவிடுங்கள். முடியாவிட்டால் கமராவை இறுகக் கட்டிய பொலித்தீன் பைக்குள் வைத்தே வெளியே எடுத்து, பைக்குள்ளேயே சூடேற விடுங்கள். ஈரம் பையின் வெளிப்பக்கத்தில் படியும், லென்ஸில் படியாது. ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு: வாசலில் பொலித்தீனை வாங்கிவிடுவார்கள், துணிப்பையும் துவாயும் கொண்டுபோங்கள்.

"பச்சை செத்துக் கிடக்கிறது, நீலம் பூசினது மாதிரி இருக்கிறது"

நீலம் நிழலின் குணம். நிறத்தைச் சரிசெய்யும் வைட் பேலன்ஸை ஓட்டோவிலிருந்து எடுத்து மேகமூட்டம் என்ற குறியில் வையுங்கள், அல்லது 6,000, 6,500 கெல்வின்.

பச்சை சாவதற்குக் காரணம் மினுக்கம். நனைந்த இலை ஒவ்வொன்றும் வெள்ளை வானத்தைப் பிரதிபலிக்கிறது. மினுக்கத்தை வெட்டும் போலரைசர் என்ற ஃபில்டரைப் போட்டு, பாறையின் பளபளப்பு மறையும்வரை மெதுவாகச் சுற்றுங்கள். ஒரே ஒரு ஃபில்டர் வாங்க முடியும் என்றால் இதைத்தான் வாங்கச் சொல்வேன்; ஒன்றரை, இரண்டு ஸ்டொப் வெளிச்சத்தையும் குறைப்பதால் ஷட்டரும் மெதுவாகும்.

"வானவில் இருந்தது, படத்தில் இல்லை"

அதே போலரைசர்தான் குற்றவாளி. வானவில்லின் ஒளி போலரைஸ் ஆனது. ஃபில்டரை ஒரு பக்கம் சுற்றினால் வானவில் அழியும், கால் சுற்று மாற்றினால் எரிகிற மாதிரி பளிச்சிடும். வானவில்லே கண்ணில் படவில்லையென்றால் சூரியனுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். உங்கள் தலையின் நிழலிலிருந்து 42 பாகை விலகி அது இருக்கும்.

"நேரில் அண்ணாந்து பார்த்தேன், படத்தில் குட்டி"

அண்ணாந்து பார்த்ததுதான் பிழை. அடியிலிருந்து கமராவைச் சாய்த்து எடுத்தால் மேல்பக்கம் சுருங்கி, பம்பரகந்தவே வீட்டுக் கூரைத் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். பின்னால் போங்கள், முடிந்தால் எதிர்ச் சரிவில் கொஞ்சம் ஏறுங்கள், கமராவை மட்டமாகப் பிடியுங்கள். கூடவே அளவு தெரிய ஒன்று வேண்டும்: ஓர் ஆள், ஒரு சிவப்புக் குடை, அடியில் ஒரு குடிசை.

இங்கே ஒரு மனத்தாங்கலைச் சொல்லிவிடுகிறேன். அளவுக்காகவும் நிறத்துக்காகவும் பலர் பிடித்துப் போடுவது, எதிர் மலையில் கொழுந்து பறிக்கும் எங்கள் அக்காமாரை. கேட்காமல், இடுப்பில் படங்கு கட்டி முதுகில் கூடை சுமந்தவர்களைக் கல்லையும் மரத்தையும் எடுப்பது மாதிரி எடுத்துவிட்டு ஏறிப் போய்விடுகிறார்கள். அவர்களுடைய நாள் பறித்த கொழுந்தின் நிறையில் கணக்காகிறது. உங்கள் படத்துக்காக நிமிர்ந்து நிற்கும் ஐந்து நிமிடத்துக்கும் அதில் பங்கு உண்டு. "அக்கா, ஒரு படம் எடுக்கட்டுமா?" என்று கேளுங்கள். தமிழில் கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்.

"தலை தலையாக ஆட்கள்"

போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாள், ஞாயிறு, நுவரெலியாவின் ஏப்ரல் சீசன், இந்த மூன்றையும் தவிருங்கள். டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாத மலை யாத்திரைக் காலம்; வார இறுதியில் ஹட்டன், மஸ்கெலியா வீதியில் வண்டி நகராது. மற்ற நாட்களில் ஆறரை மணிக்கு அங்கே இருங்கள்.

"கால் முழுக்க இரத்தம்"

அட்டை. மழைக்காட்டுப் பாதையில் நின்று ட்ரைபொட்டைச் சரிசெய்கிற பத்து நிமிடம் அதற்கு விருந்து. காலுறையை முழங்கால்வரை இழுத்து, காற்சட்டையை உள்ளே செருகி, வெளியே சவர்க்காரத்தை நன்றாகத் தேயுங்கள். எங்கள் வீட்டில் வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்பும் போகும். கடித்துவிட்டால் பிய்க்காமல், மெலிந்த முனைப் பக்கம் நகத்தால் வழித்துத் தள்ளுங்கள். இரத்தம் நெடுநேரம் வழிவது பெரிய காயம் என்பதால் இல்லை. இரத்தம் உறையாமல் இருக்க அட்டை ஒன்றைச் செலுத்திவிட்டுப் போகிறது. கழுவி, அழுத்திப் பிடித்தால் போதும்.

அட்டைக்குப் பயந்தவர்கள் குளவிக்குப் பயப்படுவதில்லை. தோட்டங்களில் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களின் செய்தி மலையகத்தில் ஓயாது. பம்பரகந்த என்ற பெயரிலேயே அந்த எச்சரிக்கை இருக்கிறது: பம்பர என்றால் சிங்களத்தில் மலைத்தேனீ. பாறைச் சுவரில் கறுப்பாகத் தொங்குவது எதுவாக இருந்தாலும் அதன் கீழே கத்தாதீர்கள், நெருப்பு மூட்டாதீர்கள், ட்ரோனைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதியும் வேண்டும்.

"தண்ணீர் திடீரென்று கலங்கியது"

இதற்கு மட்டும் ஒரே மருந்து: கமராவை எடுக்க நினைக்காமல் மேலே ஏறுங்கள். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் மலைக்கு அப்பால் மழை பெய்திருக்கலாம். தெளிந்த தண்ணீர் மண்ணிறமாவது, காய்ந்த இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, சத்தம் கனமாவது, இவற்றில் ஏதாவது ஒன்று போதும். ஆற்றுக்குள் இறங்கினால் நான் முதலில் ஓர் உலர்ந்த கல்லைப் பார்த்து வைத்துக்கொள்வேன். அதன் தலை நனைந்தால் புறப்பாடு. சென் கிளேயர் போன்ற இடங்களில் அணையின் வான்கதவு திறந்தாலும் இதே கதைதான். சைரன் கேட்டால் வேடிக்கை பார்க்க நிற்க வேண்டாம்.

தியலுமவின் மேல்பக்கக் குளங்களுக்குப் போகிறவர்கள், தண்ணீர் விளிம்பைத் தொடுகிற இடத்திலிருந்து தள்ளியே நில்லுங்கள். பாசிக்கு ரப்பர் செருப்பும் ஒன்று, விலையுயர்ந்த சப்பாத்தும் ஒன்று. தொடர்மழை என்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) மண்ணுக்குள் போனது இதே கொஸ்லாந்தைப் பக்கத்தில்தான். அம்பியுலன்ஸுக்கு 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117.

"எல்லாம் சரியாக எடுத்தேன், அடுத்த வருடம் லென்ஸுக்குள் சிலந்திவலை"

சிலந்திவலை இல்லை, பூஞ்சணம். ஜூன் மாதம் நனைந்த கமராவைத் தோல் உறைக்குள் போட்டு அலுமாரியில் வைத்துவிட்டு செப்டெம்பரில் எடுத்தால் வரும் கோளாறு இது. என் முதல் லென்ஸ் அப்படித்தான் போனது. தோல் உறை ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு லென்ஸுக்கு ஊட்டுகிறது. திரும்பி வந்த அன்றே லென்ஸையும் பையையும் தனித்தனியாக, மின்விசிறிக் காற்றில் ஓர் இரவு விடுங்கள். பிறகு இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். பச்சரிசிக்குள் புதைக்கச் சொல்வார்கள், வேண்டாம். அதன் மாவு லென்ஸ் வளையத்துக்குள் போய்விடும். சிலிக்கா கிடைக்காவிட்டால் அரிசியை வறுத்து, ஆறவிட்டு, துணியில் முடிச்சுப் போட்டு டப்பாவின் மூலையில் வைக்கலாம். மாதம் ஒருமுறை மறுபடி வறுக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த முடிச்சை யாரோ ஒருமுறை கஞ்சிக்குப் போட்டுவிட்டார்கள். அதிலிருந்து டப்பாவின் மேல் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறேன்.